இலை தின்னும் தவளையும் பட்டினி கிடக்கும் தவளையும்

தவளை என்ன சாப்பிடும் என்று கேட்டால் "பூச்சி" என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். பாடப் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. தப்பில்லை. ஆனால் செடிகொடி மண்டிக் கிடக்கும் குளங்களில், ஆம்பல் இலைகளுக்கு நடுவே கண்ணையும் மூக்கையும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு மிதக்கிறதே ஒரு பெரிய பச்சைத் தவளை, அதற்கு இந்தப் பதில் பொருந்தாது. வளர்ந்து பெரிதான பிறகு அது சாப்பிடுவதில் பாதிக்கும் மேல் இலைதழைதான்.

யூஃப்லிக்டிஸ் ஹெக்ஸடாக்டிலஸ் என்பது அதன் அறிவியல் பெயர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சமவெளிக் குளங்களில் வாழ்வது. இந்திரனீல் தாஸ் என்ற விலங்கியலாளர், தென்னிந்தியாவில் ஓர் இடத்தில் இந்தத் தவளைகளின் உணவை ஓராண்டு முழுக்க, மாதம் தவறாமல் கவனித்தார். அவருடைய ஆய்வு 1996இல் வெளிவந்தது. பூச்சியைப் பிடிக்கப் போன தவளை, பூச்சி உட்கார்ந்திருந்த இலையையும் சேர்த்து விழுங்கியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். நல்ல சந்தேகம். மற்றத் தவளைகளின் வயிற்றில் கிடைக்கும் ஒன்றிரண்டு இலைத்துணுக்குகள் அப்படிப் போனவைதான். பச்சைத் தவளையின் கதை வேறு. அதன் வயிற்றில் பூச்சியைவிட இலை அதிகம். கைதவறி விழுந்தது என்று சொல்ல முடியாத அளவு அதிகம்.

இன்னொன்றையும் அவர் கண்டார். இதே தவளை குஞ்சாக இருக்கும்போது பூச்சிதான் தின்கிறது. ஒரே குளம், ஒரே இனம். சின்னதுக்கு ஒரு சாப்பாடு, பெரியதுக்கு ஒரு சாப்பாடு. வளர்கிற உடம்புக்குப் புரதம் வேண்டும், அது பூச்சியில் நிறைய இருக்கிறது. வளர்ந்து முடித்த பெரிய தவளைக்கு வயிறு பெரிது, அதை நிரப்ப நிறைய வேண்டும். குளத்தில் நிறையக் கிடைப்பதும் ஓடி ஒளியாததும் இலைதானே! இத்தனைக்கும் அதற்கு இலையை மென்று அரைக்கும் பல் கிடையாது. தவளைகளுக்கு மேல்தாடையில் பொடிப் பொடியாகப் பல் இருக்கும், அது இரையை நழுவவிடாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே உதவும். தேரைக்கு அதுவும் இல்லை. ஆக, பச்சைத் தவளை இலையை அப்படியேதான் விழுங்கியாக வேண்டும்.

உலகத்தில் வேறெங்காவது இப்படி உண்டா? பிரேசில் நாட்டுக் கடற்கரைக் காடுகளில் ஸெனோஹைலா ட்ரங்கேட்டா என்ற சின்ன மரத்தவளை பழம் தின்கிறது. அது பூவுக்குள் தலையைவிட்டுத் தேன் குடிப்பதையும், முதுகில் மகரந்தம் ஒட்டிய கோலத்தில் வெளியே வருவதையும் ஆய்வாளர்கள் படம் பிடித்து 2023இல் எழுதினார்கள். தவளை உலகத்தில் இப்படிப்பட்டவை மிகக் குறைவு. அதில் ஒன்று தமிழ்நாட்டுக் குளத்திலேயே இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சரி, இலை அசையாது. பூச்சி அசையும். மற்றத் தவளைகளும் தேரைகளும் அசைகிற பொருளைத்தான் சாப்பாடு என்று நினைக்கும். செத்த ஈயைத் தேரையின் மூக்குக்கு நேரே வைத்தாலும் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது. ஜெர்மனியைச் சேர்ந்த யோர்க்-பீட்டர் எவர்ட் என்ற அறிவியலாளர் இதை வைத்து அழகான சோதனை ஒன்று செய்தார். ஒரு தேரையைக் கண்ணாடிக் குடுவையில் வைத்தார். வெளியே ஒரு கறுப்பு அட்டைத் துண்டு குடுவையைச் சுற்றிவரும்படி அமைத்தார். அட்டை நீளவாக்கில், புழு ஊர்வதுபோல் நகர்ந்தால் தேரை அதைத் துரத்தித் துரத்தித் திரும்பியது. அதே அட்டையை நெட்டுக்குத்தலாக நிறுத்தி, அதே வேகத்தில் நகர்த்தினார். தேரை அசையவில்லை. அட்டை அதேதான், நிறமும் அதேதான். நகரும் விதம் மாறியதும் அது சாப்பாடு இல்லை என்று தேரையின் மூளை முடிவு கட்டிவிட்டது.

இந்தச் சோதனையை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்புக் காகிதத்தை நறுக்கி நூலில் கட்டுங்கள். மழை பெய்த இரவில் சுவரோரம் தேரை உட்கார்ந்திருக்கும். அதற்கு ஒரு முழம் தள்ளி, காகிதத்தை நீளவாக்கில் மெதுவாக இழுங்கள். முதலில் அதன் பின்னங்கால் விரல் துடிக்கும். பிறகு உடம்பை மெல்லத் திருப்பும், தலையைக் குனியும். அவ்வளவுதான், நிறுத்திவிடுங்கள். காகிதத்தை விழுங்கவிட்டுவிடாதீர்கள்.

பிறந்தபோது வந்த இந்த அறிவோடு தேரை நின்றுவிடுவதில்லை. கற்றும் கொள்ளும். தேனீயைக் கவ்விக் கொட்டு வாங்கிய தேரை, அடுத்த தடவை தேனீ வந்தால் தலையைத் தாழ்த்திக்கொண்டு சும்மா இருக்கும். தேனீயைப்போல் மஞ்சளும் கறுப்புமாக இருக்கும் அப்பாவி ஈயைக்கூடத் தொடாது. 1960களில் அமெரிக்காவில் நடந்த சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்தது.

நாக்கைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நம் நாக்கு பின்னால், தொண்டைப் பக்கம் ஒட்டியிருக்கிறது. தவளையின் நாக்கோ முன்னால், கீழ்த்தாடையின் நுனியில் ஒட்டியிருக்கிறது. மடித்து வைத்த நாக்கை வெளியே வீசி, பூச்சியை ஒட்டி, உள்ளே இழுத்துவிடும். நாம் கண் சிமிட்டி முடிப்பதற்குள் அந்த வேலை முடிந்திருக்கும். நாக்கு மிக மிக மெத்தென்று இருப்பதால் பூச்சியின் மேல் படிந்துவிடும். அதில் இருக்கும் எச்சில், மோதும் கணத்தில் தண்ணீராக இளகிப் பூச்சியின் இண்டு இடுக்கெல்லாம் பரவி, உடனே கெட்டிப்படும். பிறகு எப்படித் தப்புவது?

எல்லா இரைக்கும் இந்த வித்தை உதவாது. சிறிய பூச்சி என்றால் நாக்கு. மண்புழு மாதிரி பெரியதாக இருந்தால், உடம்பையே முன்னால் எறிந்து தாடையால் கவ்வும். அமெரிக்கச் சிறுத்தைத் தவளையிடம் இதை நுட்பமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இரையின் அளவைக் கண்ணால் பார்த்தே, பாய்வதற்கு முன்னரே எந்த முறை என்று அது தீர்மானித்துவிடுகிறது. நம் வயலில் இருக்கும் காளைத்தவளை பெரிய வாய்க்காரன். நண்டு, சுண்டெலி, பல்லி, குட்டிப் பாம்பு, மற்றத் தவளை என்று வாய்க்குள் அடங்குவதையெல்லாம் பார்த்துவிடும். பெரிய இரை வாயிலிருந்து பிதுங்கினால் முன்னங்கால்கள் இரண்டையும் கைபோல் பயன்படுத்தி உள்ளே திணிக்கும். அப்போது அதன் கண்களைக் கவனியுங்கள். இரண்டும் மூடி, தலைக்குள் அமிழ்ந்து போகும். ரசித்துச் சாப்பிடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். தவளையின் கண்ணுக்கும் வாய்க்கும் நடுவே எலும்புத் தட்டு கிடையாது. உள்ளே அமிழும் கண் உருண்டை, இரையைத் தொண்டைக்குத் தள்ள உதவுகிறது.

தண்ணீருக்குள் நாக்கை வீசினால் என்ன ஆகும்? நாக்கு தள்ளும் தண்ணீர் இரையையும் சேர்த்துத் தள்ளிவிடும். அதனால் தண்ணீரிலேயே வாழும் ஆப்பிரிக்க நகத்தவளைக்கு நாக்கே இல்லை. வாயைத் திடீரென்று விரித்து, இரையைத் தண்ணீரோடு உறிஞ்சி எடுத்துக்கொள்கிறது. ஐரோப்பாவில் வாழும் நியூட் என்ற வாலுள்ள இருவாழ்விகள் இன்னும் கெட்டிக்காரர்கள். குளத்தில் இருக்கும் மாதங்களில் உறிஞ்சும், கரையேறிய மாதங்களில் நாக்கால் பிடிக்கும். இந்தியாவில் இவற்றின் உறவினரைப் பார்க்க வேண்டுமானால் டார்ஜீலிங் பக்கம் போக வேண்டும். நம்மிடம் இல்லை.

நியூட் இல்லாவிட்டால் என்ன, தவளைகள் நிறைந்த வயல்களுக்குத் தண்ணீர் தரும் தாமிரபரணி நம்மிடம் இருக்கிறது. பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் சின்ன ஆறு. ஆனால் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டிலும் தண்ணீர் வாங்கும் ஆறு. எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள், கால்வாய் நிரப்பும் குளங்கள் என்று சுமார் 86,000 ஏக்கருக்குப் பாய்கிறது. கார், பிசானம் என்று இரண்டு நெற்பருவங்கள். தொளி கலக்கி, நாற்று நட்டு, வயலில் தண்ணீர் கட்டியதும் தவளைச் சத்தம் கிளம்பும். பல வகை ஆண் தவளைகள் பெண்ணை அழைத்துக் கத்தும் இரவுகளில் இரை தேடுவதையே குறைத்துக்கொள்ளும். கத்துவது அத்தனை கடினமான வேலை, அதைவிட்டு நகர மனம் வராது.

சில நாளில் வயல் தண்ணீரில் தலைப்பிரட்டைகள். இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி வருகிறது.

ஒரு தலைப்பிரட்டையை உள்ளங்கைத் தண்ணீரில் ஏந்தி, அதன் வயிற்றை வெளிச்சத்தில் பாருங்கள். தோலுக்கு அடியில் குடல் கொசுவத்திச் சுருளாகச் சுற்றிக் கிடப்பது தெரியும். பாசியையும் அழுகிய இலையையும் செரிக்க நீளமான குடல் வேண்டும், அதனால்தான் அத்தனை சுற்று. வாயில் கொம்புப் பொருளால் ஆன கறுப்பு அலகும், வரிசை வரிசையாகப் பொடிப் பற்களும் இருக்கும். அதை வைத்துப் பாசியைச் சுரண்டும். முன்னங்கால் முளைக்கும் நேரத்தில் இந்த அலகு உதிர்ந்துவிடும். குடல் சுருங்கிக் குட்டையாகும். அகன்ற தவளை வாய் திறக்கும். வீட்டைப் பிரித்துக் கட்டும் அந்த நாள்களில் அது எதுவுமே சாப்பிடாது. தன் வாலைக் கரைத்து, அந்தச் சத்தில் உயிர் வாழும். வால் மறைந்து கரையேறும்போது, இலை பாசியெல்லாம் போய், அசைகிற பூச்சியைப் பார்த்துத் திரும்பும் கண்ணும் வாயும் அதற்கு வந்திருக்கும்.

எல்லாத் தலைப்பிரட்டையும் சாது என்று எண்ண வேண்டாம். காளைத்தவளையின் தலைப்பிரட்டை ஊன் தின்னும். பக்கத்தில் நீந்தும் மற்றத் தலைப்பிரட்டைகளை, சில சமயம் தன் கூடப்பிறந்தவற்றையே கடித்துத் தின்னும். கொடூரம் என்று தோன்றும். ஆனால் மழைநீர்க் குட்டை எத்தனை நாள் தாங்கும்? தண்ணீர் வற்றுவதற்குள் கால் முளைத்தாக வேண்டும். ஊன் தின்றால் வேகமாக வளரலாம். அமெரிக்கப் பாலைவனங்களில் ஸ்பேட்ஃபுட் என்ற தேரைகளின் தலைப்பிரட்டைகள் இதற்கு ஒரு படி மேலே போகின்றன. குட்டையில் இறால் போன்ற சின்ன உயிர்கள் நிறைய இருந்து, அவற்றைத் தின்னக் கிடைத்தால், சில தலைப்பிரட்டைகளின் தலை பெருத்து, தாடை வலுத்து, குடல் குறுகி, ஊனுண்ணியாகவே உருமாறிவிடும். கூடப்பிறந்தவை பழையபடி குட்டையின் அடிமண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்கும்.

தின்னப்படுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? தார்வாடில் இருக்கும் கர்நாடகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேரையின் தலைப்பிரட்டைகளை வைத்துப் பல சோதனைகள் செய்திருக்கிறார்கள். நம் வாய்க்காலில் கறுப்புக் கூட்டமாக நீந்துமே, அதே வகை. எதிரியின் வாடை தண்ணீரில் கலந்ததுமே அவை அசைவைக் குறைத்துக்கொள்கின்றன. அசையாமல் கிடந்தால் எதிரியின் கண்ணில் படாது. அதற்கு விலையும் உண்டு, அசையாவிட்டால் மேய முடியாது. பசியா, உயிரா என்று அந்தப் பொடிசு ஒவ்வொரு நாளும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

சித்திரை வைகாசியில் குளம் வெடித்துக் கிடக்கும்போது இவையெல்லாம் எங்கே போகின்றன? பல தவளைகள் மண்ணுக்குள் இறங்கிவிடும். பலூன் தவளை என்று ஒரு குண்டுத் தவளை உண்டு. அதன் பின்னங்காலில் மண்வெட்டி மாதிரி ஒரு தடிப்பு இருக்கும். உட்கார்ந்தபடியே பின்பக்கமாக மண்ணைத் தோண்டிக்கொண்டு கீழே போய்விடும். மாதக்கணக்கில் சாப்பாடு இல்லை. இதயம், மூச்சு எல்லாம் மெதுவாக ஓடும். தவளையின் வயிற்றுக்குள் மஞ்சள் நிறத்தில் விரல் விரலாகக் கொழுப்புப் பைகள் உண்டு. மழைக்காலத்தில் தின்று சேர்த்தது அங்கே இருக்கும், அதைச் செலவழித்துக்கொண்டு காத்திருக்கும். நல்ல மழை இறங்கியதும் மேலே வந்து எறும்பு, கறையானாகப் பார்த்து வாரித் தின்னும்.

இப்போது மலைக்கு ஏறுவோம். தாமிரபரணி பிறக்கும் காடு, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், 1988இல் அறிவிக்கப்பட்டது. அங்கே புலியைவிட ஆச்சரியமான ஒரு குடும்பத்தலைவர் இருக்கிறார். இரண்டு விரற்கடை நீளம்கூட இல்லாத பச்சைநிறப் புதர்த்தவளை. ரோர்கெஸ்டஸ் கலாஸோடெஸ் என்று பெயர். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் பார்த்ததாகப் பதிவில்லாமல் இருந்து, மீண்டும் கிடைத்துவிட்டது என்று 2011இல் அறிவிக்கப்பட்ட இனம். கே.எஸ். சேஷாத்ரி என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் அது குடித்தனம் நடத்தும் இடத்தைக் கண்டுபிடித்து 2014இல் எழுதினார்கள். ஓடைக்கரையில் வளரும் மெல்லிய மூங்கில்தான் அந்த வீடு. இரண்டு கணுக்களுக்கு நடுவே பூச்சியோ வேறு பிராணியோ போட்ட சின்னத் துளை இருக்கும். தவளை அதன் வழியே உடம்பை நெருக்கி உள்ளே நுழைந்து, மூங்கில் குழாய்க்குள் முட்டையிடும்.

இந்த முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வராது. உள்ளேயே வளர்ந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். அதுவரை சாப்பாடு, முட்டைக்குள் தாய் வைத்துவிட்ட மஞ்சள் கரு மட்டும். பாசி சுரண்டுவதும் குடல் சுருங்குவதும் இந்த இனத்தில் இல்லவே இல்லை. முட்டைகளுக்குக் காவல் அப்பா. பெரும்பாலான நேரம் குழாய்க்குள்ளேயே இருப்பார். சாயங்காலம் சில மணி நேரம் மட்டும் வெளியே போவார், இரை தேடத்தான் என்று கருதுகிறார்கள். அப்பா இல்லாவிட்டால் முட்டைகளின் கதி என்ன என்றும் சேஷாத்ரி பின்னர் ஆராய்ந்தார். காவல் இல்லாத முட்டைகளில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. தின்றவர்களில் அதே இனத்து ஆண் தவளைகளும் இருந்தன! காட்டில் முட்டையும் ஒரு சத்தான சாப்பாடுதான். அதனால்தான் அப்பா தன் சாப்பாட்டு நேரத்தைச் சுருக்கிக்கொள்கிறார்.

அதே மலையில் பாறைமேல் தண்ணீர் ஒரு படலமாக வழியும் இடங்களில் இந்திரானா என்ற தவளைகளின் தலைப்பிரட்டைகள் இருக்கும். நீந்த அங்கே தண்ணீர் ஏது? ஈரப் பாறையில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டும், ஆள் நிழல் பட்டால் வாலை அடித்துத் துள்ளும். கொஞ்சம் வடக்கே, ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில், 2017இல் ஒரு மூக்குத்தவளை இனத்துக்குப் பெயர் வைத்தார்கள். நாசிகாபட்ராகஸ் பூபதி. 2014இல் அகத்தியமலைக் காட்டில் கள ஆய்வின்போது இறந்துபோன சுப்பிரமணியம் பூபதி என்ற விஞ்ஞானியின் நினைவாக வைத்த பெயர். அதன் தலைப்பிரட்டைக்கு வாயே உறிஞ்சுபிடி. கொட்டும் ஓடையில் பாறையைக் கவ்விக்கொண்டு மேயும். பெரிதானபின் வாழ்க்கை மண்ணுக்கடியில். கேரளத்தில் இருக்கும் அதன் உறவுக்காரத் தவளை நிலத்துக்குள்ளேயே கறையான் தின்று வாழ்கிறது.

ஊருக்குள் வந்தால், மனிதர் செய்த மாற்றத்துக்கும் தவளை இனம் ஈடுகொடுப்பதைப் பார்க்கலாம். தெருவிளக்கு வந்ததும் பூச்சி விளக்கைத் தேடி வந்தது. பூச்சியைத் தேடித் தேரை வந்தது. முதல் மழைக்குப்பின் ஈசல் கிளம்பும் இரவில் பாருங்கள், கம்பத்தடியில் தேரைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஈசலை வறுத்துத் தின்ற பாட்டிமார் நம் கிராமங்களில் உண்டு, அதன் ருசி தேரைக்கும் தெரியும். அலைந்து திரியாமல் ஓரிடத்தில் காத்திருந்தே வயிறு நிரம்புகிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் அவை ஈடுகொடுத்துவிடும் என்று நினைக்கக் கூடாது. பூச்சிமருந்து அடித்த வயலில் இரையும் போகிறது, தலைப்பிரட்டையும் போகிறது. கொசுவை ஒழிக்கக் கிணற்றிலும் குட்டையிலும் விடும் கம்பூசியா மீன், தலைப்பிரட்டையையும் கடித்துத் தின்கிறது. ஒரு காலத்தில் வயல் காளைத்தவளைகளை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டன் பிடித்து, காலை மட்டும் வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பினோம். 1987இல் இந்திய அரசு அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மிக நல்ல முடிவு.

உங்களால் ஆவதும் உண்டு. தேரையைப் பார்த்தால் கல்லெறியாதீர்கள். தலைப்பிரட்டையைப் பாட்டிலில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், பார்த்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். தொட நேர்ந்தால் முன்னும் பின்னும் கையை நன்றாகக் கழுவுங்கள். தேரையின் தோலில் நஞ்சு உண்டு, நம் கையில் இருக்கும் உப்பும் சோப்பும் அதற்கும் நஞ்சு. விளக்கடியில் ஈசல் தின்ன வரும் தேரைகளில் பல வண்டிச் சக்கரத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. மழை இரவில் அப்பாவோ மாமாவோ வண்டி ஓட்டினால், குளத்துக்கரைச் சாலையிலும் விளக்குக் கம்பத்தடியிலும் மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.